சாய்ந்த தென்னை, உபயம் ஆர். திருமூர்த்தி

அத்திமேடு ஆர். திருமூர்த்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுத விரும்புகிறவர்கள் பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்ய வேண்டியதில்லை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகிற பஸ்ஸில் வந்து, மலை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அத்திமேட்டில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் போதும். இறங்கியதும் உட்காருகிற சிமெண்டு பெஞ்சின் முதுகில் 'உபயம்: ஆர். திருமூர்த்தி, பெரியதோட்டம்' என்று இருக்கும். மாரியம்மன் கோயில் ட்யூப்லைட்டில் அவர் பெயரும் அவருடைய அப்பா பெயரும் செல் நம்பரும் எழுதியது போக மிச்சமிருக்கும் சந்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். மதபேதம் பார்க்காதவர் என்பதற்கு அந்தோணியார் கோயில் சுவர்க் கடிகாரம் சாட்சி. மூன்று வருடமாக அது மூன்று இருபதிலேயே நிற்கிறது; கீழே பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. மயானத்துத் தகரக் கொட்டகையும் அவர் உபயம்தான். அத்திமேட்டுக்காரன் எவனும் அவர் பெயரைப் படிக்காமல் கடைசிப் பயணம் போக முடியாது.

இதை வைத்து அவரை விளம்பரப் பிரியர் என்று நினைத்தால் பாவம் சேரும். ஒவ்வொரு முறையும் அவர் தன் பெயர் போடுவதைக் கடுமையாக எதிர்த்திருக்கிறார்.

"பேரெல்லாம் எதுக்குங்க, வேண்டாங்க" என்பார் முதலில். இரண்டாம் முறை, "அட, வேண்டாங்கறனல்லோ" என்பார். மூன்றாம் முறையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுப்பார். அதில் பெயர் பிழையில்லாமல், 'ஆர்' பக்கத்தில் புள்ளியோடு எழுதியிருக்கும். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் காப்பி வேண்டாம் என்று சொல்கிற விருந்தாளிக்குக் காப்பி கொண்டுவராத வீட்டுக்கு மறுபடி யாரும் போகமாட்டார்கள். மூன்று தடவை மறுப்பது மரியாதை. மூன்று தடவையும் கேட்காததுபோல் இருப்பது அதைவிட மரியாதை.

இப்படிப்பட்டவருடைய ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில் பெயர் எழுதாமல் கொடுத்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு தென்னை மரம்.

பெரியதோட்டத்தின் கிழக்கு மூலையில் நின்றது அது. நின்றது என்று சொல்வதும் சரியில்லை. மற்ற மரங்களெல்லாம் போலீஸ் பயிற்சிக்கு வந்தவை போல விறைத்து நிற்க, அது மட்டும் அடியிலேயே படுத்து, பாதி வழியில் மனசு மாறி எழுந்தது போல வளைந்திருந்தது. ஊரில் அதற்கு 'தூங்குமூஞ்சி' என்று பெயர். ரெண்டாயிரத்துப் பதினேழு வறட்சியில் திருமூர்த்தி லாரித் தண்ணீர் வாங்கி மரங்களைக் காப்பாற்றினார். மூலைக்கு ஓஸ் பைப் எட்டவில்லை, தூங்குமூஞ்சியைக் கைகழுவினார். தோட்டத்தில் தேங்காய் உரிக்கும் தெய்வாத்தாள், யாரும் சொல்லாமலே, சாயங்காலம் வேலை முடிந்ததும் அதற்கு ரெண்டு குடம் தூக்கி ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். நாலு மாதம் ஊற்றினாள். மழை வந்து மரம் புதுக்குருத்து விட்டதும் திருமூர்த்தி எல்லார் முன்னாலும் சொன்னார்: "தெய்வாத்தா, இனி இந்த மரத்துக் காய் உனக்குத்தான்."

அன்று கையில் பெயிண்ட் இல்லை. அதனாலோ என்னவோ, கொடுத்தது அவருக்கு மறந்துபோய்விட்டது.

இனி கடலுக்கு வருவோம்.

அத்திமேட்டுக்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமானால் பாலக்காடு தாண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போகவேண்டும். இந்தக் குறையைத் தீர்க்க சபரீஷ் கிளம்பினான். ஊர்ப் பையன்தான், முப்பத்தொரு வயது. கோவாவில் ஹோட்டல் ஒன்றில் ஏழு வருடம் இருந்துவிட்டு, அரைக்கால் டவுசரும் பணிவுமாகத் திரும்பி வந்தான். மெயின் ரோட்டில் இடம் வாங்கி, எம்-சாண்ட் மணலைச் சலித்து நாற்பது லோடு கொட்டினான். நடுவில் நீலப் பெயிண்ட் அடித்த குட்டை ஒன்று. கரையில் பழைய பரிசல். பரிசலுக்குள் ரெண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட மேசை. 'உப்புக்காற்று பீச் பார் அண்டு ரெஸ்டாரண்ட்' என்று போர்டு வைத்தான். மாடியில் ரூம்களும் கட்டியாகிவிட்டது. பாருக்கு லைசென்ஸ்தான் பாக்கி. ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார் என்று தகவல் வந்தது.

உடனே சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டோம். மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருந்த பெயர் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவராக இருக்கச் சொன்னபோது திருமூர்த்தி மூன்று முறை வேண்டாம் என்றார், தலைவரானார்.

மனுவை எழுதியவர் விமலாராணி டீச்சர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சிவப்பு மை பிடித்து ஓய்வு பெற்றவர். அவர் படித்து முடித்ததும், பஸ் ஸ்டாப்பில் டீயும் இளநியும் விற்கிற ரசாக் எழுந்தார்.

"ஏனுங்க டீச்சர், வால்பாறை போற கார் ஒரு நாளைக்கு ஐந்நூறு நம்மூர் வழியாப் போகுது. ஒண்ணாச்சும் நிக்குதுங்களா? ஒண்ணுக்குப் போகக்கூட அடுத்த ஊர்லதான் நிறுத்தறாங்க."

"அதுக்கு பாத்ரூம் கேட்டு மனுக் குடுக்கலாம் ரசாக். பார் எதுக்கு?"

"பாத்ரூமுக்கு மூர்த்தியண்ணன் உபயம் பண்ணிருவாருங்க" என்றது பின் வரிசைக் குரல் ஒன்று.

கூடம் சிரித்தது. திருமூர்த்தி அதை ஒரு யோசனையாகவே குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் தெய்வாத்தாள் கதவோரத்திலிருந்து பேசினாள். அவள் புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தது எல்லாருக்கும் தெரியும். மகன் டெம்போ ஓட்டுகிறான். அவனும் அதே வழியில் போய், ஆறு மாதமாகத்தான் நிறுத்தியிருக்கிறான்.

"அரசாங்கக் கடை ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்குதுங்க. எம்பையன் சோம்பேறிங்க. அந்த ஏழு கிலோமீட்டர்தானுங்க அவனுக்கு மருந்து. இது எங்க சந்து மொனையிலயே வருதுங்களே."

"அக்கா, அது காசுக்காரங்க கடை" என்றார் ரசாக். "நம்ம பசங்களை உள்ளயே விடமாட்டாங்க. செருப்பைப் பாத்தே திருப்பி அனுப்பிருவாங்க."

"முன்வாசல்லதானுங்க செருப்பைப் பாப்பாங்க. ஐஸ்கட்டியும் பெட்டியும் எறக்கறதுக்கு டெம்போ வேணுமல்லங்க? பின்வாசல்ல யாருங்க பாக்கறாங்க?"

ரசாக் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு விவாதம் நடந்ததாகச் சொல்ல முடியாது. மனு சுற்றி வந்தபோது அவள் பேனாவை வாங்கவில்லை.

"நீங்க மொதல்ல போடுங்க" என்றாள் திருமூர்த்தியிடம். "உங்க பேருக்குக் கீழன்னாத் தைரியமாப் போடுவேனுங்க. உங்க பேருன்னா ஆபீசுல தள்ளமாட்டாங்க."

அவர் முதல் கையெழுத்தைப் போட்டார். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. அவள் கீழே எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். இருநூற்றுப் பதினான்கு பேர் அதற்குக் கீழே போட்டோம்.

அடுத்த வாரம் சபரீஷ் பெரியதோட்டத்துக்கு வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"நீங்க எதுக்கறது கொள்கைங்க மாமா. அதைப் பத்திப் பேச வரலீங்க. எனக்கொரு மரம் வேணுமுங்க."

விஷயம் இதுதான்: கடற்கரைத் தென்னை என்றால் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமாம். பொள்ளாச்சி வட்டாரம் முழுக்கத் தேடிவிட்டான். லட்சம் மரம் இருக்கிறது, ஒன்றுக்கும் சாயத் தெரியவில்லை. தூங்குமூஞ்சியின் முன்னால் போய் நின்றவன் அதை ரெண்டு சுற்றுச் சுற்றி வந்தான்.

"மாமா, கோவாவுலகூட இப்பிடி ஒரு மரம் இல்லீங்க" என்றான் கடைசியில்.

ஐந்து பேர் பார்த்தால் மூன்று பேர் சிரிக்கிற மரம். அதை வைத்திருந்ததற்காக இத்தனை வருடம் கேலி கேட்டவர். அவர் நெஞ்சு எப்படி இளகியிருக்கும் என்பதை நாம் ஒரு நிமிடம் கருணையோடு யோசிக்க வேண்டும். காசு வாங்கினால் வியாபாரம். அது கொள்கைக்கு விரோதம். அதனால் சும்மாவே கொடுத்தார்.

"ஆனா மாப்பிள்ளை, பேரு மட்டும் போட்டுறாதீங்க."

"அதெப்பிடிங்க மாமா."

"வேண்டாங்க. நெசமாலுமே வேண்டாங்க."

அன்று திருமூர்த்தி ஏழு முறை மறுத்தார். காப்பி கொண்டுவந்த அவர் மனைவி கோமளா, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணினாராம். சட்டைப்பையிலிருந்து சீட்டும் எடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்னது அவர் நினைத்ததாகவே இருந்தது. அதை யாரும் நம்பும்படி சொல்வது எப்படி என்றுதான் அவருக்குத் தெரியவில்லை, பழக்கம் இல்லை.

நல்ல வளர்பிறை முகூர்த்த நாள் ஒன்றில், ஊரே ஒரு கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தபோது, கிரேனும் நீள லாரியும் வந்தன. மூட்டுவலி என்று கல்யாணத்துக்குப் போகாத திருமூர்த்தி, வேர் அறுபடாமல் தோண்டச் சொல்லிக் கூடவே ஓடி ஓடி மேற்பார்வை பார்த்தார். லாரி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு போனதும் கோமளா கேட்டார்:

"ஏனுங்க, அது தெய்வாத்தாளுக்குன்னு சொன்ன மரமல்லங்க? அவகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?"

அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த இடத்திலேயே, குழிக்கரையிலேயே, உட்கார்ந்தார்.

மறுநாள் காலை வேலைக்கு வந்த தெய்வாத்தாள் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வண்டு விழுந்துருச்சு தெய்வாத்தா" என்றார் திருமூர்த்தி. "மத்த மரத்துக்குப் பரவும்னு எடுத்துப்போட்டோம்."

"வண்டாங்க? போன வாரம் பாத்தப்பக்கூட குருத்து நல்லாத்தானுங்க இருந்துச்சு."

"உள்ள அரிச்சிருந்துச்சு."

"இருக்குமுங்க" என்றாள் அவள். மண்வெட்டியை எடுத்து, குழியை அவளே மூட ஆரம்பித்தாள். அவர் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "விடு, ஆள் வரச்சொல்றேன்" என்று சொன்னார். மூன்று முறை சொன்னார்.

அதிகாரி வந்தது ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி. கண்ணாடி போட்ட, நாற்பது வயது அம்மையார். சிரிக்கும் வழக்கமில்லாதவர் போலத் தெரிந்தது. நாங்கள் முப்பது பேர் திருமூர்த்தியின் தலைமையில் உப்புக்காற்றின் வாசலுக்குப் போனோம். அவர் கஞ்சி போட்ட வேட்டி கட்டியிருந்தார். பக்கத்தில் விமலாராணி டீச்சர் மனு நகலோடு. அவருக்குப் பின்னால் தெய்வாத்தாள், அரைநாள் கூலியை விட்டுவிட்டு.

உள்ளே நீலக்குட்டை. அதன்மேல் வளைந்து, தன் முகத்தைத் தானே பார்ப்பது போல ஒரு தென்னை. ஆளுக்கு ஆள் தூங்குமூஞ்சியை அடையாளம் கண்டுகொண்டோம். வேறு மரமாக இருக்கக்கூடும் என்று நம்புவதற்கு ஒரு வழி அதுவரை இருந்தது. மரத்தின் அடியில் கடப்பைக்கல் பலகை அந்த வழியை அடைத்தது. வெள்ளி எழுத்து, சுற்றிலும் சீரியல் பல்பு, பகலிலும் மின்னிக்கொண்டு.

அதிகாரி குனிந்து, நிதானமாக வாய்விட்டுப் படித்தார்: "இம்மரம் உபயம், அத்திமேடு ஆர். திருமூர்த்தி, பெரியதோட்டம்." பிறகு கையிலிருந்த மனுவைப் புரட்டினார். "மொதல் கையெழுத்து நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"மரமும் நீங்கதானா?"

திருமூர்த்தி சபரீஷைப் பார்த்தார். சபரீஷ் பெருமையோடு முன்னால் வந்தான். "மாமா பேரே வேண்டாம்னுட்டாருங்க மேடம். ஏழு தடவை சொன்னாருங்க. மூணு தடவை வேண்டாம்னவங்களுக்கே ஊர்ல போடறாங்க. ஏழு தடவை சொன்ன பெரிய மனுசனுக்குப் போடாம விட்டா நான் மனுசனுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசைக்காரன்கூடச் சிரிக்கவில்லை.

"அய்யா, நீங்க சொல்லுங்க" என்றார் அதிகாரி. "இந்தக் கடை வேண்டாம்னு சொல்றீங்களா, வேணும்னு சொல்றீங்களா?"

"வேண்டாங்க" என்றார் திருமூர்த்தி. அவருக்கே அது காதில் எப்படி விழுந்ததோ, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார். "மரம் நான்தானுங்க குடுத்தேன். பேரு போடுவாங்கன்னு தெரிஞ்சிருந்தாக் குடுத்திருக்க மாட்டேனுங்க."

"போடமாட்டாங்கன்னா?"

திருமூர்த்தி மறுபடி சபரீஷைப் பார்த்தார். அதிகாரி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, கீழே கையெழுத்து வாங்கினார். இந்த முறை திருமூர்த்தி தமிழில் மட்டும் போட்டார். டீச்சர் மற்ற காரணங்களை அடுக்கினார், அதையும் அதிகாரி எழுதிக்கொண்டார். ஆனால் எல்லார் கண்ணும் பலகையில் இருந்தது. தெய்வாத்தாள் மட்டும் மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டு எதுவும் இல்லை என்று அங்கிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ரெண்டு மாதத்தில் லைசென்ஸ் வந்தது. ஆட்சேபணை மனுவுக்கு வந்த பதிலில் 'முதல் மனுதாரரின் நிலைப்பாடு தெளிவாக இல்லை' என்று ஒரு வரி. டீச்சர் அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுத் தபாலில் திருமூர்த்திக்கு அனுப்பினார். வேறு யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவர் டீக்கடைக்கு வந்தால் எழுந்து இடம் கொடுத்தோம். "வாங்க, வாங்க" என்றோம். ரசாக் மட்டும், "இளநி ஒண்ணு வெட்டட்டுங்களா? நேரா நின்ன மரத்துக் காய்தானுங்க" என்றார். திருமூர்த்தி அதற்கப்புறம் டீயை வீட்டிலேயே குடிக்கிறார்.

அடுத்த தேங்காய் வெட்டில் தெய்வாத்தாள் வீட்டுக்கு நாற்பது காய் அனுப்பி வைத்தார். வேலைக்காரர்களுக்குக் கொடுக்கிற வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. நாற்பதும் அன்றே திரும்பி வந்தன. "அது எம்மரத்துக் காயில்லீங்களேன்னு சொல்லச் சொன்னாங்க" என்றான் கொண்டுவந்தவன்.

அவள் கூட்டத்தில் சொன்னபடியே, பின்வாசலில் ஐஸ்கட்டியும் பெட்டியும் இறக்கும் வேலை அவள் மகனுக்குத்தான் கிடைத்தது. செருப்பை யாரும் பார்க்கவில்லை.

மரம் நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. உச்சியை வெட்டி, கோயமுத்தூரிலிருந்து பிளாஸ்டிக் மட்டை வாங்கி மாட்டினான் சபரீஷ். பச்சை விளக்கில் இப்போதுதான் நிஜத் தென்னை போல இருக்கிறது என்று கார்க்காரர்கள் படம் எடுக்கிறார்கள். திருமூர்த்தி தேடிப்போய், "மரமே இல்லியே மாப்பிள்ளை, பேரையும் எடுத்துருங்க" என்று கெஞ்சினார். "உங்களுக்கு அடக்கம் ஜாஸ்திங்க மாமா" என்று சொல்லி, மறுவாரமே எழுத்துக்கு இன்னொரு கோட்டிங் அடித்தான் அவன்.

தை முடிகிற சமயம் ஒரு காலையில் தெய்வாத்தாள் பெட்டியும் பையுமாகப் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகன், கண் சிவந்து, தலை தொங்கி. தாராபுரத்தில் அவள் அண்ணன் அரிசி மில்லில் இருக்கிறார். மகனுக்கு அங்கே வேலை பார்த்திருந்தார். அந்த மில்லிலிருந்து அரசாங்கக் கடை எத்தனை கிலோமீட்டர் என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்பினாளாம்.

விஷயம் கேள்விப்பட்டுத் திருமூர்த்தி வேகமாக வந்தார். அவரைக் கண்டதும் அவள் எழுந்தாள். அவள் சாய்ந்திருந்த இடத்தில் அவர் பெயர் தெரிந்தது.

"உக்காருங்க" என்றாள்.

"நீ உக்காரு."

ரெண்டு பேரும் உட்காரவில்லை.

"தேங்கா உரிக்கிற கம்பியக் கோமளாம்மாகிட்டக் குடுத்துட்டனுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்த மரத்துக்குத் தண்ணி யாராச்சும் ஊத்தினாங்களாங்க?" என்று கேட்டாள்.

"ஊத்தியிருந்தா நின்னிருக்கும்."

"இடம் மாத்தின மரமுங்க. ஒரு வருசமாச்சும் கூடவே இருந்து பாக்கோணும்." மகனின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அது உன் மரம் தெய்வாத்தா" என்றார் அவர். "குடுத்ததையே மறந்துபோட்டேன்."

"பரவால்லீங்க" என்றாள் அவள், வருத்தமோ கோபமோ தெரியாத குரலில். "பேரு எழுதிப்போட்டிருந்தா உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்குமுங்க."

பஸ் வந்தது. மகனை முன்னால் ஏற்றிவிட்டு, படியில் கால் வைத்தாள்.

"எப்பவாச்சும் ஒரு நடை வந்துட்டுப் போ, தெய்வாத்தா."

"வாரேனுங்க" என்றாள்.

திருமூர்த்தி தலையை ஆட்டினார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். எந்தச் சொல்லை எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பஸ் போன பிறகு பெஞ்ச் காலியாக இருந்தது. மூட்டுவலி உள்ளவர். ரசாக்கும், "உக்காருங்க மூர்த்தியண்ணா" என்று கடையிலிருந்து ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அடுத்த பஸ் வருகிறவரைக்கும் அவர் நின்றுகொண்டேதான் இருந்தார்.